ஒரு மணி நேரம் ஒன்பதடி

கல்யாண மண்டபங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பதுதான் கயல்விழியின் பிழைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை, முப்பத்தாறு வயது. ஆனால் அவள் உயிரைக் கொடுத்துச் செய்வது வேறொன்று. பிறந்த ஊர் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துக் கரையோரம். ஒவ்வொரு மழைக்கும் எவனாவது "கரை உடைஞ்சிடுச்சாம்" என்று கிளப்பிவிட, சனம் பிள்ளைகுட்டியோடு ஓடி ஓடி அலுத்துப்போனது. அதனால் அவள் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். பாலத்துத் தூணில் இருக்கும் அளவை ஊர் வாத்தியார் கார்த்திகேசன் பார்த்து அனுப்புவார். பக்கத்தில் அந்த எண் மட்டும் பெரிதாகத் தெரியும். பத்தடி தாண்டினால் கரைத்தெரு காலி செய்ய வேண்டும்.

ஊர் அதை நம்பியது, அளவுக்கு மேலேயே நம்பியது. போன வருஷம் பத்துப் பேர் "பழசா காட்டுது" என்று குறைபட்டதற்காக, ஒவ்வொரு போனும் நொடிக்கு ஒரு தடவை 'எவ்வளவு, எவ்வளவு' என்று பக்கத்தை நடத்தும் கம்ப்யூட்டரை, அந்தச் சர்வரைக் கேட்கும்படி செய்துவைத்தாள் இந்த மகராசி. நூறு போனுக்கு அது சரி. இந்த ஐப்பசியில் ஒன்பதாயிரம் போன். பக்கத்தைத் திறந்து டிவி ஓரம் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் சமைக்கப் போய்விட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சர்வர் படுத்துவிட்டது. எழுப்பினால் எழுந்தது, ஒரு நிமிஷத்தில் மறுபடி படுத்தது. கார்த்திகேசன் அனுப்பிய ஒன்பதடி யாருக்கும் போய்ச் சேரவில்லை.

வழி அவளுக்குத் தெரியும். வாங்கிய பதிலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொள், அதுவரை என்னிடம் வராதே என்று போனுக்குச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் கேஷ் என்பார்கள், நிரலில் ஒரு வரிதான். இருபது நொடி போதும் என்று நினைத்தாள். யோசித்து அடிக்க நேரமில்லை. மண்டபத் தளத்துப் படங்களுக்குப் போட்டிருந்த வரி கண்ணில் பட, அதை அப்படியே எடுத்து ஒட்டினாள். அதிலிருந்த நொடிக் கணக்கை மாற்ற மறந்துபோனாள்.

சர்வர் மூச்சு விட்டது. இரண்டு பத்துக்கு எல்லோர் போனிலும் ஒன்பதடி வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

இரண்டு நாற்பதுக்குக் கார்த்திகேசன் பத்தரை என்று அனுப்பினார். அவள் போனில் ஒன்பது அசையவில்லை. ஒட்டிய வரியைப் போய்ப் பார்த்தாள். மூவாயிரத்து அறுநூறு நொடி என்று இருந்தது. கல்யாணப் படம் ஒரு மணி நேரத்தில் மாறாது, ஆறு மாறும். வரியைத் திருத்த அரை நிமிஷம்கூட ஆகவில்லை, திருத்தி என்ன புண்ணியம்? போன்கள் வந்து கேட்டால்தானே புதுசைச் சொல்ல முடியும்? கேட்காதே என்று அவளே சொல்லியாயிற்று.

கரைத்தெருவில் அவள் அண்ணன் கொளஞ்சியப்பன் வீடு. ஆறாவது தடவை லைன் கிடைத்தது.

"அண்ணா, உடனே கிளம்புங்க. தண்ணி பத்தரை அடி."

"ஒன்பதுன்னுதான போட்டிருக்கு, இப்பத்தான் பாத்தேன்." குரலில் அவசரமே இல்லை. "யாரு போன் பண்ணாலும் நம்பாத, பக்கத்த மட்டும் நம்புன்னு நீதான கயலு சொன்ன."

"அந்தப் பக்கம் பொய்ண்ணா. நான்தான் கெடுத்துட்டேன். என் மேல சத்தியமா பத்தரை."

"சரி. உங்க அண்ணியையும் புள்ளைங்களையும் வண்டில ஏத்தி அனுப்பிடறேன்."

"நீயும் ஏறிப் போண்ணா."

"தெருவுல நாப்பது வூடு இருக்கு. எல்லாம் உன் ஒன்பதத்தான் பாத்துக்கினு குந்தியிருக்குதுங்க. நான் போயி கதவத் தட்டலன்னா வேற யாரு தட்டுவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நாற்பது வீட்டையும் அங்கே உட்காரவைத்தவள் அவள்தான். எந்த வாயால் சொல்வாள்? அதற்குள் லைன் போய்விட்டது.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மணி இரண்டு நாற்பத்தேழு. போன்கள் திரும்ப வந்து கேட்க இன்னும் இருபத்துமூன்று நிமிஷம் இருந்தது.