வேலிக்கு வெளியே நின்ற ப்யூக்

வென்டெல் ஹிராடெக்குக்குக் காலில் சக்கரம் என்று நாங்கள் எல்லோரும் சொல்வோம். சாப்பாட்டு இடைவேளையில்கூட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியேதான் தின்பார். அமெரிக்காவில் ஃபிளிண்ட் நகரத்து ப்யூக் தொழிற்சாலையில் முப்பது வருடம் கார்களுக்கு இருக்கை பொருத்தியவர் அவர். நான் அவருக்கு அடுத்த இடத்தில் கதவு விளிம்புக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கார் கையைவிட்டு நகர்ந்து அடுத்தது வருவதற்குள் மூச்சு விடுவதே பெரிது. அந்த இடைவெளியிலும் இந்த மனிதர் என்னிடம் வந்து வம்பு பேசிவிட்டுப் போவார்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ப்யூக் என்றால் மற்ற கார்களைப் போலப் பேசக்கூடாது. குளியல் தொட்டிக்குப் பளபளப்புப் பூச்சு பூசத் தெரிந்த ஒரு குழாய் வேலைக்காரர் ஆரம்பித்த கம்பெனி அது. அவர் பெயர் மட்டும் காரில் நிலைத்தது, கையில் காசு நிலைக்காமல் ஏழையாகத்தான் செத்துப்போனார். டாக்டர்களும் பாதிரியார்களும் ப்யூக்தான் வைத்திருப்பார்கள். பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஆனால் கத்திச் சொல்லக்கூடாது என்று நினைப்பவர்களின் கார். முன்பக்கப் பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் வைத்த அந்தப் பழைய மாடல்களில் ஏறியவர்கள், பள்ளத்தில் இறங்கியதே தெரியவில்லை என்று சொல்வார்கள். அதைச் சொல்லும்போது எங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிராமல் என்ன செய்யும், அந்த இருக்கையை முடுக்கியது நாங்கள்தானே.

தொழிற்சாலையை மூடினார்கள். பிறகு இடித்தார்கள். ஊருக்கு வடக்கே இப்போது காங்கிரீட் தரையும் கம்பி வேலியும்தான். நான் எங்கள் தொழிலாளர் சங்கக் கட்டடத்துச் சமையலறைக்கு வந்துவிட்டேன், வெள்ளிக்கிழமைதோறும் ஓய்வுபெற்றவர்களுக்கு மீன் பொரிப்பேன். வென்டெலுக்கு நடப்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. சங்கத்தின் கார் நிறுத்தத்துக்குக் காவலாக அவரே போய் நின்றுகொண்டார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நிறுத்தத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வெளிநாட்டில் செய்த கார் உள்ளே வரக்கூடாது. வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. யாராவது புதுக் கார் வாங்கி வந்தால் அன்றைக்கு ஒரு சின்னச் சடங்கும் நடக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவர் பக்கம், காரின் எண் பொறித்த தகடு இருக்கிறது பாருங்கள், அதன் முதல் எழுத்தோ எண்ணோ கார் எந்த நாட்டில் செய்தது என்று சொல்லிவிடும், அதை ஒருவர் குனிந்து உரக்கப் படிக்க வேண்டும். 'ஒன்று', 'நான்கு', 'ஐந்து' என்று வந்தால் நம் ஊர்க் கைகள் செய்தது, எல்லோரும் கைதட்டி பீர் வாங்கித் தருவார்கள். 'இரண்டு' என்றால் கனடா. பக்கத்து வீடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிடுவோம். மற்றது எது வந்தாலும் வண்டி வெளியே. படிப்பவர் எப்போதும் வென்டெல்தான். ஞானஸ்நானம் கொடுக்கும் பாதிரியார்கூட அவ்வளவு விறைப்பாக நிற்கமாட்டார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் லியான் டில்லார்டை அவர் திருப்பி அனுப்பினார். லியான் எங்கள் வரிசையிலேயே கண்ணாடி பொருத்தியவர். அவருடைய ஒரே மகன் இறந்து ஒரு வாரம்கூட ஆகாத வெள்ளிக்கிழமை அது. மகனுடைய ஜப்பான் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இது என் பையன் வண்டி, வென்டெல்."

"யாரு வண்டியா இருந்தா என்னப்பா? எழுத்தைப் பாரு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

நான் சமையலறைக் கதவில் நின்று, "யோவ், உனக்கு இதயம் இருக்கா, இல்ல அங்கயும் நட்டு போல்ட்டுதானா?" என்று கத்தினேன். வென்டெல் அசையவில்லை. லியான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சிறிது நேரம் கழித்து நடந்து வந்து மீன் சாப்பிட்டார். அதன்பிறகும் எல்லா வெள்ளியும் நடந்தேதான் வந்தார். காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வருகிறார் என்று வென்டெல் நினைத்துக்கொண்டார். கேட்கவும் இல்லை.

இனி இர்மா. வென்டெலின் மனைவி. வாயாடி, சிரித்தால் அடுப்படிவரை கேட்கும். போன குளிர்காலத்தில் அவளுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களிடம் இருந்த பழைய ப்யூக் லெசேபர் தரையோடு தாழ்ந்த கார். அதில் ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் ஏற முடியாது. அந்தக் காரைப் பற்றி வென்டெல் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார், என்ஜின் இன்னும் பூனை மாதிரி உறுமுகிறது என்பார். உண்மைதான், என்ஜினுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு அடிப்பாகத்தை அரித்து, கால் வைக்கும் இடத்தில் தார் ரோடு தெரிந்தது. இர்மா அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். போனில் என்னிடம், "நோரீன், இந்தச் சுவரைப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்டி" என்றாள்.

அதனால் வென்டெல் புதுக் கார் வாங்கினார். ப்யூக்தான், வேறு என்ன வாங்குவார். சற்று உயரமான மாடல். இர்மா கம்பை ஊன்றி, முதுகைத் திருப்பி, பின்பக்கத்தை இருக்கையில் வைத்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். யார் கையும் பிடிக்காமல் ஏறிவிட்டாளாம். விற்பனைக் கடையிலேயே அழுதுவிட்டாளாம். கண்ணாடியில் ஒட்டியிருந்த விவரக் காகிதத்தை வென்டெல் படிக்காமலே கிழித்துப் போட்டார். ஃபிளிண்ட்காரன் ஃபோர்டு வாங்கினால் படிப்பான். ப்யூக்கில் படிக்க என்ன இருக்கிறது?

முதல் வெள்ளிக்கிழமை. இர்மா உதட்டுச் சாயமெல்லாம் பூசிக்கொண்டு முன்னிருக்கையில் ராணி மாதிரி வந்து இறங்கினாள். எல்லோரும் கூடிவிட்டார்கள். "உன் வண்டிக்கு நீயே படிச்சா செல்லாதுய்யா" என்று யாரோ சொல்ல, மாவு படிந்த கையோடு நின்ற என்னை இழுத்து வந்தார்கள். நான் குனிந்தேன். ஆங்கில எழுத்து 'எல்' என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எல்தான். சீனா.

"என்னடி, வாசி. கண்ணு தெரியலயா?" என்றார் வென்டெல்.

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அவரே குனிந்து பார்த்தார். கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையைப் பையில் போட்டுக்கொண்டார்கள். பிறகுதான் ஒருவர், இங்கே விற்பதைவிடச் சீனாவில்தான் ப்யூக் அதிகம் விற்கிறது, அந்தக் காலத்தில் அங்கே பெரிய மனிதர்களெல்லாம் ப்யூக்தான் வைத்திருந்தார்களாம், அதில் தப்பில்லை என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். வென்டெல் காதில் விழவில்லை. இர்மாவின் கையில் ஒரு தட்டு மீனைக் கொடுத்து, அவளைத் திரும்ப ஏற்றி, வண்டியை வெளியே கொண்டுபோய்விட்டார். அவள் தட்டு மடியில் இருக்க, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்புறம் அந்த மனிதர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. காலையில் காபி வைக்கும் முன்னே என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உட்கார் என்றால் உட்காரமாட்டார்.

"வண்டியைத் திருப்பிக் குடுத்துடறேன், நோரீன்."

"குடு. இர்மா எதுல வருவா, உன் முதுகுலயா?"

"சங்கத்துக்குப் போகாம இருந்துடறேன்."

"போகாம எங்க போவ? வீட்டுக்குள்ளயே நடந்து நடந்து தரையை ஓட்டையாக்கிருவ."

இடிந்த தொழிற்சாலையின் வேலியைச் சுற்றிக் காரை ஓட்டிக்கொண்டு போவார். போன வழியிலேயே திரும்பி வருவார். வண்டியை விற்கும் பேச்சை வீட்டில் எடுத்தபோது இர்மா ஒரே வார்த்தைதான் சொன்னாளாம். "இந்த வண்டி போச்சுன்னா நான் மறுபடியும் அந்தச் சுவரைத்தான் பாக்கணும். உனக்கு எழுத்து முக்கியமா, நான் முக்கியமா?" வண்டியை வைத்துக்கொண்டால் சங்கம் இல்லை, சங்கத்துக்குப் போனால் இர்மாவுக்கு வெளியுலகம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து மனிதர் இளைத்துப்போனார்.

சங்கத்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள்தான். அடுத்த கூட்டத்தில், ப்யூக் பெயர் இருந்தால் எங்கே செய்திருந்தாலும் உள்ளே விடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. பின்வரிசையில் லியானின் கையும். வென்டெல் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தக் கையில் வந்ததும் நின்றுவிட்டார். கூட்டம் முடிந்து அவருக்குக் கைகொடுக்க வந்தவர்களை விலக்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வெள்ளி அவர் உள்ளே வரவில்லை. காவலுக்கும் வரவில்லை. மீன் எண்ணெயில் கிடக்க, நான் ஏப்ரனோடு தெருவுக்கு வந்து பார்த்தேன். மூடிக் கிடக்கும் பேக்கரியின் பின்பக்கம் புது ப்யூக் நின்றது. அதற்கு முன்னால் லியானின் ஜப்பான் கார். அதை எட்டு வருடமாக அவர் அங்கேதான் நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். வென்டெலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இர்மா கம்பை ஊன்றி இறங்கி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுகிறேன் என்று வென்டெல் சொன்னதற்கு, நீ நடந்தால் நானும் நடக்கிறேன் என்றாளாம்.

லியான் அப்போதுதான் தன் காரிலிருந்து இறங்கப் பார்த்தார். அவர் குள்ளம். இருக்கை பின்னால் வெகு தூரத்தில் இருந்தது. பெடலை எட்ட அவர் இருக்கையின் நுனியில் தொங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முப்பது வருடம் இருக்கை பொருத்திய மனிதரின் கண்ணில் அது படாமல் இருக்குமா?

"சீட்டு ரொம்பப் பின்னாடி கிடக்கு லியான். முதுகு போயிரும். கீழ ஒரு கம்பி இருக்கும் பாரு, இழுத்து முன்னாடி தள்ளிக்க." குனிந்து தானே இழுக்கக் கையை நீட்டினார்.

"தொடாத." லியானின் குரல் உயரவில்லை. "அது அவன் வச்ச இடம்."

வென்டெல் கையை எடுத்துவிட்டார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தார். லியானின் மகன் ஆறடிக்கு மேல் உயரம், எங்கள் பிக்னிக்குகளில் கூடைப்பந்து விளையாடுவான். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பையன்.

"நீ ஏன்யா எனக்குக் கை தூக்கின?" என்று கேட்டார் வென்டெல்.

"உனக்கு யாரு தூக்கினா? இர்மாவால நடக்க முடியாதுன்னு தூக்கினேன்."

"அன்னிக்கு நான் உன்னைத் திருப்பி அனுப்பினது தப்பு, லியான். பெரிய தப்பு."

"தெரியும்."

"வண்டியை உள்ள கொண்டு வா. நானே நின்னு வழி விடறேன். எவனாவது ஏதாவது சொல்லட்டும், பாத்துக்கறேன்."

லியான் கார்க் கதவைச் சாத்திப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார், பூட்டியிருக்கிறதா என்று. பிறகுதான் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு ஒரு நாள் உள்ள விட்டிருந்தா போதும் வென்டெல். அன்னிக்குத்தான் எனக்கு நடக்கத் தெம்பில்ல."

வென்டெல் நின்ற இடத்திலேயே நின்றார். கால் அசையவில்லை. லியான் அவரைத் தாண்டிப் போய், இர்மாவின் கம்பில்லாத பக்கம் தன் முழங்கையை நீட்டினார்.

"வா இர்மா. நோரீன் மீனைக் கருக்கிட்டிருப்பா."

அவர்கள் இருவரும் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள். நான் வென்டெலுக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.