எல்லை மரத்துக்கு அந்தப்புறம்

சுவைலிம் கடலைப் பார்க்காதவன் அல்ல. மூத்த மகன் கையை ஒடித்துக்கொண்டபோது பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கடற்கரை ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனவன்தான். திரும்பும்போது மீன்கூட வாங்கி வந்தான். அவன் ஏங்கியது அந்தக் கடலுக்கு அல்ல, நடந்து போய்ச் சேருகிற கடலுக்கு. ஊர் உலகத்து ஆட்களையெல்லாம் அந்தக் கடலை நோக்கிக் கூட்டிப் போவதுதான் அவன் பிழைப்பு. அவன் மட்டும் போய்ச் சேர்ந்தது கிடையாது.

சினாய்ப் பாலைவனத்தில் மேற்கு மணலில் தொடங்கி, மலைகளைக் குறுக்கே வெட்டி, கிழக்குக் கடலில் முடிகிற நடைவழி அது. மேற்குக் கூட்டம், மலைக் கூட்டம், கடற்கரைக் கூட்டம் என்று மூன்று கூட்டத்தாரின் மண். அவரவர் மண்ணில் அவரவர் ஆள்தான் வழி காட்ட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் இந்நேரம் எவனாவது மீறியிருப்பான்.

சுவைலிம் மலைக் கூட்டத்தான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்ததே அதிகம். முதலில் வெளிநாட்டு நடைக்காரர்களின் மூட்டையை ஏற்றி இறக்கினான். பிறகு சமையல். பிறகு அவனே வழிகாட்டி. மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒற்றைக் குடைவேல மரம் நிற்கும். அதுதான் எல்லை. அங்கே கடற்கரைக் கூட்டத்து அதீக் தன் ஒட்டகத்தோடு காத்திருப்பான். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்து நலம் விசாரித்துக்கொள்வார்கள். மூட்டைகள் இந்த ஒட்டகத்திலிருந்து அந்த ஒட்டகத்துக்கு மாறும். நடைக்காரர்கள் கையாட்டிவிட்டுப் போவார்கள், சுவைலிம் திரும்பி நடப்பான். தாடி கறுப்பாக இருந்ததிலிருந்து நரைக்கிற வரை இதே கதைதான்.

போனவர்கள் நன்றியாகப் படம் அனுப்புவார்கள். கடல் நீரில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. சுவைலிமின் வீட்டுச் சுவர் முழுக்கத் தூக்கிய கைகள்.

"ஏ மனுசா, ஊரையெல்லாம் கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறே. நீ மட்டும் பட்டினியாத் திரும்பி வர்றே" என்றாள் அவன் மனைவி சப்ஹா ஒருநாள், சுவரைத் துடைத்துக்கொண்டே. கிண்டலாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது.

அந்தக் குளிர்காலத்தில் கிளம்பிவிட்டான். ஒட்டகம் வேண்டாம் என்றான். எந்த நடைக்காரனோ விட்டுப்போன முதுகுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறர் மூட்டையை அத்தனை வருடம் கட்டியவனுக்குத் தன் மூட்டையைச் சுமக்கத் தெரியவில்லை. வார் தோளை அறுத்தது. மேற்குக் கூட்டத்தார் துணையோடு மணலைக் கடந்தான். தன் மலையைத் தனியாகக் கடந்தான். முழங்கால் முனகியது, அதையும் கூட்டிக்கொண்டு குடைவேல மரத்தடிக்கு வந்து சேர்ந்தான்.

ஆள் வருகிறது என்ற சேதி கேட்டுக் காத்திருந்த அதீக் அவனை மேலும் கீழும் பார்த்தான். "எங்கே உன் ஆளுங்க?"

"நான்தான் ஆளு."

அதீக் சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டான். "அட ஆண்டவனே! வா வா. இனிமே நீ என் விருந்தாளி. உக்காருன்னா உக்காரணும், நடன்னா நடக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்பா" என்றான் சுவைலிம். வாயளவில்தான் தெரிந்தது. மரத்துக்கு அந்தப்புறப் பள்ளத்தாக்குகள் அவன் நினைத்ததைவிடக் கரடுமுரடு. சிவப்புப் பாறை, வெள்ளைப் பாறை, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற பிளவு. அதீக் முன்னால் போவான், இவன் பின்னால். முன்னே போகிறவனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடப்பது எத்தனை சள்ளை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுள்ளி பொறுக்கக் குனிந்தால், "உக்காரு." தண்ணீர்ப் பையைத் தூக்கினால், "வை கீழே." கையை எங்கே வைப்பதென்றே தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

இன்னும் ஒரே ஒரு பெரிய பள்ளத்தாக்கு, அது முடிந்தால் கடல் என்கிற இடத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் வந்தது வினை.

அதீக் மாவு பிசைந்து தட்டி, தணலை ஒதுக்கி, சுட்ட மணலில் ரொட்டியைப் போட்டு மேலே தணலை மூடினான். தணல் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். சுவைலிம் முதலில் வானத்தைப் பார்த்தான். பிறகு ஒட்டகத்தைப் பார்த்தான். கருகல் வாடை வந்ததும் பொறுக்க முடியவில்லை. அதீக் உப்பு எடுக்கத் திரும்பிய நேரம், எழுந்துபோய்க் குச்சியால் தணலைச் சமமாகப் பரப்பி, ரொட்டியைப் புரட்டி, 'டொப் டொப்' என்று தட்டிப் பார்த்தான்.

நிமிர்ந்தால் அதீக் எதிரே நிற்கிறான்.

"குச்சியக் கீழ போடு."

"கருகுதுப்பா, அதான்..."

"கருகட்டும்! என் நெருப்பு, என் ரொட்டி. எத்தனை வருசமா உன் ரொட்டிப் பேச்சக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுக் கெடக்குன்னு தெரியுமா? மரத்தடியில உன்னை விட்டுட்டு வர்றவன் ஒவ்வொருத்தனும் என் ரொட்டிய ஒரு கடி கடிப்பான், பக்கத்துல இருக்கிறவனப் பார்ப்பான், 'சுவைலிம்'னு சொல்லிட்டுச் சிரிப்பான். பாஷை தெரியாட்டி இதுகூடவா புரியாது? இப்ப நீயே நேர்ல வந்து என் அடுப்புலயே கையை விடறியா?"

அந்தப் பக்கம் தன் பெயர் நடமாடியதே சுவைலிமுக்குத் தெரியாது.

"நீ விருந்தாளி. வழியில விட்டுட்டுப் போற ஈனப்பய இல்ல நான்" என்றான் அதீக். "ஆனா என் பள்ளத்தாக்கு வழியா உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். காலையில தார் ரோடு. பிக்கப் வரும். ஏறிக் கடலுக்குப் போ."

ரொட்டியை ஒட்டகத்துக்குப் போட்டுவிட்டுப் படுத்தான்.

சுவைலிம் போர்வைக்குள் கிடந்து யோசித்தான். தனியாகவே போய்விடலாம். தண்ணீர் எங்கே என்று ஆட்டுத் தடம் சொல்லிவிடும். ஆனால் அடுத்தவன் மண்ணில் அவன் துணையில்லாமல் நடப்பது திருடன் நடக்கிற நடை. பிக்கப்பில் போனாலோ, பழையபடி மீன் வாங்க வந்தவன். மன்னிப்புக் கேட்கலாம், அதீக் மன்னிப்பான், மன்னித்துவிட்டுத் தார் ரோட்டுக்குத்தான் கூட்டிப் போவான். கடலைவிட அந்தச் சிரிப்புதான் அவனைத் தூங்கவிடாமல் குடைந்தது. தன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒரு மனுசன் சாப்பாட்டை நஞ்சாக்கியிருக்கிறார்கள். நாம் பாட்டுக்கு வீட்டில் படம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

காலையில் அதீக் காப்பி ஊற்றிக் கொடுத்தான், முகத்தைப் பார்க்காமல். சுவைலிம் வாங்கினான். குடிக்கவில்லை. கோப்பையைத் தன் முன்னால் மணலில் வைத்துவிட்டான்.

அதீக்கின் கை நின்றது. கோப்பையைக் கீழே வைத்தால் வந்தவனுக்குக் கேட்க ஒன்று இருக்கிறது என்று பொருள். தருகிறேன் என்று சொல்லும்வரை அவன் குடிக்க மாட்டான். குடிக்காமல் விருந்தாளி எழுந்து போனால் ஊற்றினவன் கூட்டத்தில் தலைகாட்ட முடியாது.

"எடுத்துக் குடி" என்றான் அதீக்.

சுவைலிம் அசையவில்லை. காப்பி ஆறியது. அதீக் அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினான். அதுவும் ஆறியது. ஒட்டகம் சேணம் ஏறாமல் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"எனக்குத் தெரியும் நீ என்ன கேப்பேன்னு. கடல். சரி, குடிச்சுத் தொலை. கூட்டிட்டுப் போறேன்."

"கடல் இல்ல."

"பின்னே?"

"இன்னொரு ரொட்டி சுடு. நான் நெருப்புக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்துக்கறேன்."

அதீக்கின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. "குடி. கேட்டது கெடச்சுது" என்றான்.

சுவைலிம் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். பின்னால் மாவு தட்டுகிற சத்தம், தணல் தள்ளுகிற சத்தம். வாடை வந்தது. கழுத்து தன்னால் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏய், காது வெடைக்குது பாரு உனக்கு" என்றான் அதீக்.

"காத உள்ள மடிச்சு வைக்க முடியாதுப்பா."

ரொட்டி ஒரு பக்கம் கரி, நடுவில் பச்சை மாவு, பல்லில் மணல். சுவைலிம் ஒரு துண்டு விடாமல் தின்றான்.

"எப்படி இருக்கு?"

"மணல் இருக்கு."

"கடற்கரை மணல். உங்க மலையில கெடைக்காது" என்று சொல்லிவிட்டு அதீக் ஒட்டகத்துக்குச் சேணம் கட்டினான். ஒட்டகத்தின் மூக்கைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினான்.

கடைசிப் பள்ளத்தாக்கு நெடியது. பாறை சரிகிற இடங்களில் அதீக் நின்று கை நீட்டினான். சுவைலிம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். வெயில் சாயத் தொடங்கியபோது பாறைகள் விலகின, நீலம் தெரிந்தது. அவன் வேகமாக நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. செருப்போடு நீருக்குள் போய் நின்றான். வெடித்த குதிகாலில் உப்பு ஏறி எரிந்தது.

"கையத் தூக்கு. எல்லாரும் தூக்குவாங்க" என்று கரையிலிருந்து கத்தினான் அதீக்.

"எதுக்கு? எவனாவது துப்பாக்கி காட்டறானா?"

கரையேறி மணலில் உட்கார்ந்தான். அலை ஒதுக்கிய காய்ந்த கட்டைகள் எட்டும் தூரத்திலேயே கிடந்தன, நல்ல விறகு. பக்கத்தில் அதீக் மாவுப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சுவைலிமின் கை ஒரு கட்டை வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு மடிக்குத் திரும்பி வந்துவிட்டது.

"விறகு வேணும்" என்றான் அதீக், யாரையும் பார்க்காமல்.

"பொறுக்கிட்டு வா. நான் விருந்தாளி" என்றான் சுவைலிம், கடலைப் பார்த்துக்கொண்டு.