ஃப்ளோரியானாரும் இன்ஜினியரம்மாவும்

எல்ஃப்ரீடா கோஷ் எங்கள் வார்ப்பாலைக்கு உலோக இன்ஜினியராக வந்த அன்று, உலைப் பக்கம் பாதிப் பேர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உலையருகே பெண் நின்றால் இரும்பு கெட்டுவிடும் என்று எங்கள் சிலேசியச் சுரங்க வட்டாரத்தில் அப்போது ஒரு பேச்சு. வடிகட்டிய முட்டாள்தனம்.

சுரங்கத் தொழிலாளியின் மகள் அவர். பிடிவாதக்காரி. காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல், உடைந்த வார்ப்புகளை எடுத்து முறிவைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். மணல் அச்சு பிடிக்கும் நான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே கிடையாது. “மணலை இறுக்கச் சொன்னா தடவிக் குடுத்திருக்கீங்களே, அது என்ன உங்க வீட்டுப் பூனையா?”

அந்த வருடமே சோதனை வந்தது. தடித்த பெரிய வார்ப்புகள் வரிசையாக விரிசல் விட்டன. சின்னவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. டைரக்டர் விட்டேக் எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னார்: “மாசக் கடைசிக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா எங்கயாவது டீச்சர் வேலை பாருங்க.” சாப்பாட்டுக் கூடத்தில் “நான் அப்பவே சொல்லல?” என்று சூப்பை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள். தலைமை உலைக்காரர் அலோய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

இன்ஜினியரம்மா விரிசல் விட்ட துண்டை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிட்டார். இரும்புக்குள் இழையிழையாக ஓடும் கிராஃபைட்டில் முள் முளைத்திருந்தது.

“ஈயம். துளி போதும், தடிச்ச வார்ப்பு போச்சு.”

உலையில் போடும் பழைய இரும்புக் குவியலைக் கிளறிப் பார்த்தோம். ஈயம் இல்லை. அடுத்த பெரிய வார்ப்பின்போது அவர் உலையை விட்டு நகரவில்லை. உருகிய இரும்பு லேடில் என்ற பெரிய வாளியில் இறங்கியதும் அலோய்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு, பையிலிருந்து எதையோ எடுத்து அதற்குள் போட்டார். இன்ஜினியரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பையில் இன்னொன்று இருந்தது. கட்டைவிரல் தடிமனில் புனித ஃப்ளோரியானார் பதக்கம். பழைய ஈயக் குழாயை வீட்டு அடுப்பில் உருக்கிச் செய்தது.

“என்ன அண்ணே இது?”

“உலைக்காரங்களுக்குக் காவல் அவர்தானே, இன்ஜினியரம்மா. பெரிய வார்ப்பு கெட்டா உங்க தலையத்தான் உருட்டுவாங்க. அதான் நீங்க வந்ததுலேருந்து ஒவ்வொண்ணுக்கும் போடுறேன்... உங்களுக்காகத்தான்.”

அவர் அந்தப் பதக்கத்தை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

விட்டேக் கம்யூனிஸ்ட் கட்சி ஆள். புனிதர் பெயர் காதில் விழுந்தால் அலோய்ஸின் வேலையும் போகும், பென்ஷனும் போகும். “பழைய இரும்போட ஈயம் கலந்துடுச்சு. பார்க்காம விட்டது என் தப்பு. இனி வராது” என்று விட்டேக்கிடம் சொல்லிவிட்டார் இன்ஜினியரம்மா. வேலை தப்பியது. ஆனால் வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவனுக்குப் போய், அவருக்குப் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மே மாதம் ஃப்ளோரியானார் திருநாளுக்கு முன்னால், இன்ஜினியரம்மா அலோய்ஸின் பதக்கத்தை என்னிடம் கொடுத்து மணலில் அச்சு எடுக்கச் சொன்னார். எங்கள் உலை இரும்பிலேயே வார்த்து, ஒரு டப்பா நிறைய அலோய்ஸ் கையில் கொடுத்தார்.

“இது நம்ம இரும்புதான் அண்ணே. எத்தனை வேணும்னாலும் போடுங்க.”

“ஃப்ளோரியானாருக்கு ஈயம், இரும்பு எல்லாம் ஒண்ணுதானே?”

“அவருக்கு ஒண்ணுதான். வார்ப்புக்கு இல்ல.”

அலோய்ஸ் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்ஜினியரம்மா தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கடைசி வார்ப்பைப் பார்க்க என்னையும் அழைத்திருந்தார். கோயில் வாசலை மிதிக்காதவர், பையிலிருந்து ஒரு இரும்புப் பதக்கத்தை எடுத்து லேடிலில் போட்டார்.

“என்னம்மா, இந்த வயசுல பக்தியா?” என்றேன்.

“எனக்கு எதுக்கு? என் இடத்துக்கு நாளைக்கு ஒரு பொண்ணு வர்றா” என்றார்.