மாதா வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது?

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு ஒரு ராசி உண்டு. யார் பேசினாலும் திட்டு அவனுக்குத்தான் வரும். என்னைப் போலக் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில், பாகலூருக்கு அப்பால் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து செட்டை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போவேன். வருஷத்தில் எனக்கு அதுதான் பெரிய ஆர்டர். அது கைவிட்டுப் போனால் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வழி பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

புரிந்த பூசை

அதுவரை சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைப்பார். கோயிலுக்குள் மைக்குக்கு வேலையே இருக்காது. நான் சொல்லும் வருஷம் பீடத்தைத் திருப்பிப் போட்டு, ஜனங்களைப் பார்த்துத் தமிழிலேயே பூசை நடந்தது. நான் முருகன் கோயிலுக்குப் போகிற ஆள். எனக்கே எல்லாம் புரிந்தது. வாசலில் நின்ற சூளகிரி விவசாயி ஒருவரிடம், “இப்ப நல்லா இருக்குதில்லீங்களா?” என்று கேட்டேன்.

“அப்ப ஒண்ணும் புரியாது, பயமா இருக்கும். இப்ப எல்லாம் புரியுது, எப்ப முடியும்னு இருக்குது.”

முதல் தோள்

அந்த மாதா அங்கே வந்த கதையில் பாதிக்கு யாரிடமும் தகராறு இல்லை. ஒரு காலத்தில் மாதா சொரூபத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஏரிக்கரையில் வண்டி நின்றுவிட்டதாம். என்ன செய்தும் நகரவில்லை என்று அங்கேயே கொட்டகை போட்டு வைத்தார்கள். பிறகு அதுவே கோயிலாயிற்று.

தகராறெல்லாம் மற்றப் பாதியில். வண்டி கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்தது என்பார்கள் தமிழ்க்காரர்கள். இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூரிலிருந்து வந்தது என்பார்கள் கன்னடக்காரர்கள். எங்கிருந்து வந்தால் என்ன, ஓட்டி வந்தது எங்கள் ஆள் என்பார்கள் உள்ளூர்த் தெலுங்குக்காரர்கள். மாதாவைக் கொண்டுவந்தவர்கள்தான் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பழைய சாமியார் ஒரு அதட்டலில் முடித்துவிடுவார். புதுச் சாமியார் சின்ன வயசு. கோயில் வரலாறு ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டு, அதை மைக்கில் சொல்லும் வேலையை, மூன்று பாஷையும் தெரிந்த என் தலையில் கட்டினார். வம்பு வருமே சாமி என்றேன்.

“நீங்க வெளியாள். உங்களை யாரு கோவிச்சுக்கப் போறாங்க?”

அறுந்த ஒயர்

ஊர்ப்பாசம் விடவில்லை. கிருஷ்ணகிரி வண்டியையே மைக்கில் ஓட்டினேன். கதையில் ஏரி வருவதற்குள் குழாய் ஊமையாகிவிட்டது. போய்ப் பார்த்தால் புளியமரத்தடியில் ஒயர் துண்டாகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாலூரிலிருந்து வந்த ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு பேருமாக முறுக்கி முடித்தோம். எந்தப் பாவி வெட்டினானோ என்றேன்.

“நான்தான் அண்ணா. உங்க மேலே கோபமில்லே, அந்த வண்டி மேலேதான்.”

நகராத சப்பரம்

விஷயம் சாமியார் காதுக்குப் போயிற்று. தோளுக்குச் சண்டை வந்தால் அடுத்த வருஷம் சப்பரமும் கிடையாது, மைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் பூவலங்காரத்தோடு சப்பரம் தயாராக நின்றது. மூன்று தரப்பும் ஆளுக்கொரு பக்கம் தண்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தரப்பு தூக்கப் போனால் மற்ற இரண்டு தரப்பும் அமுக்கினார்கள். நான் மூன்று பாஷையிலும் மைக்கில் கெஞ்சினேன். சப்பரம் அசையவில்லை.

அங்கே பொரிக்கடை போட்டிருந்த சின்னம்மா, உள்ளூர்த் தெலுங்குக்காரர், விடுவிடுவென்று என் மைக் மேசைக்கு வந்தார். சப்பரம் கிளம்பினால்தான் அவருக்கு வியாபாரம். அவர் வாயைத் திறந்ததும் என் கை ஸ்விட்சுக்குப் போயிற்று, ஆனால் அணைக்கவில்லை. அவர் என்னிடம் சொன்னது எல்லாக் குழாயிலும் மைதானம் முழுக்கக் கேட்டது.

“அன்னிக்கும் மாதா வண்டி இப்பிடித்தான் நின்னிருக்கும்ணா. இவுங்க தாத்தனுங்க நானு நீயின்னு மல்லுக்கு நின்னிருப்பானுங்க, வண்டி எப்பிடி நகரும்?”

அடுத்த வருஷ வரலாறு

முதலில் சிரித்தவர் ஒயரை வெட்டிய மாலூர்க்காரர்தான். அப்புறம் தண்டைப் பிடித்திருந்தவர்கள் எல்லோருமே சிரித்துவிட்டார்கள். சாமியார் அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்றார். மூன்று தரப்பும் ஒன்றாகத் தூக்கினார்கள்.

மறுவருஷமும் ஆர்டர் எனக்கே வந்தது. எந்தப் பக்கத்து வண்டியைச் சொல்லட்டும் என்று சாமியாரிடமே கேட்டேன்.

“பக்கமே வேண்டாம். சின்னம்மா சொன்னதைச் சொல்லுங்க.”

அப்படியே சொன்னேன், ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மைக் பிடித்த காலமெல்லாம் மூன்று பாஷைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே வரலாறு, தங்கள் பாட்டன்மார் சண்டைக்காரர்கள் என்பதுதான்.