பொட்டு வைத்த அட்டை

என் வயிற்றில் கத்தி பட்டதற்கு எங்கள் லயத்தில் கிடைத்த மரியாதை என் கலியாணத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றையறை வீடுகள், காம்பிராக்கள். எல்லாக் காம்பிராவிலும் பிள்ளைகள் பிறந்தன. சில செத்தன. சில போகும்போது தாயையும் கூட்டிக்கொண்டு போயின. ஆனால் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த பிறகு உயிரோடு திரும்பி வந்தவள் நான்தான் முதல் ஆள். ஆகவே நான் வந்து பாயில் படுத்த அன்றே வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"கொஞ்சம் சேலைய ஒதுக்கு ஆத்தா, ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்" என்று கொழுந்துக் கூடையோடேயே வந்து நின்றார்கள்.

"கொடலு வெளிய வந்துராதா?"

"என்னா நூலுல தச்சாங்க?"

கடைசிக் காம்பிராக்காரி விரலால் தடவியே பார்த்துவிட்டாள், சந்தையில் துணி எடுப்பவள் மாதிரி. தொப்புளுக்குக் கீழே நெடுக்காக ஒரு சாண் நீளத் தையல். அது சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, ஒரு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. நூலைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை.

என் மாமியாருக்கு வேறு சந்தேகம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "இவ எங்க பெத்தா? எடுத்துல்ல குடுத்தாங்க" என்பார். ஏதோ கடைக்காரர் ஜாடிக்குள் கைவிட்டு மிட்டாய் எடுத்துக் கொடுத்தது போல. இரண்டு நாள் வலியில் நான் காம்பிராச் சுவரைப் பிறாண்டியதும், தேயிலை லொறியில் பெட்டியோடு பெட்டியாக ஏற்றப்பட்டுப் போனதும் எந்தக் கணக்கில் சேரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் தான் பெற்ற ஏழு பிள்ளைகளையும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் தெரிந்தது என் வயது மட்டும்தான். சிங்கள நர்ஸ் ஒருத்தி, நல்ல மனுஷி, தனக்குத் தெரிந்த தமிழில் அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

"அடுத்த பபா, வலி வர முந்தி இங்க வா. ரெண்டு கிழமை முந்தி. வலி வந்தா உள்ள தையல் உடையும். அம்மாவும் இல்ல, பபாவும் இல்ல. இந்தக் கார்ட் காட்டு."

இதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். அவர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலம் தெரிய வேண்டும். இந்த நாட்டில் பிறந்த எங்களைப் பார்த்து, நீங்கள் இந்த நாட்டுக்காரர்தானா, காகிதம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அதனால் லயத்தில் காகிதம் என்றாலே பயமும் பக்தியும்தான். பிறப்புத் துண்டு, ரேஷன் புத்தகம், வாசிக்கத் தெரியாத அரசாங்கக் கச்சேரிக் கடிதம் எல்லாமே சாமி படத்தின் பின்னால் போய்விடும். என் அட்டைக்கு மட்டும் முன்வரிசையில் இடம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் அட்டைக்கும் உண்டு. கையில் மிச்சமிருந்தால் மேலும் இரண்டு பொட்டு. எனக்குச் சிரிப்பாக வரும், ஆனால் தடுக்கவில்லை. சாமிக்கு ஆகாதவள் என்ற பட்டம் வேறு எனக்கு எதற்கு?

மூன்று வருஷம் வெள்ளிக்கிழமைகள் தவறாமல் வந்தன. பிறகு நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன்.

இதற்குள் தோட்டத்து டிஸ்பென்சரியில் பழையவர் போய்ப் புதியவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்தான், எங்களுக்கு டாக்டரையா. தோட்டத்திலேயே நாலு கட்டில் போட்ட பிள்ளைப்பேற்று வார்டைப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். அங்கே படுக்காமல் யாராவது வெளி ஆஸ்பத்திரிக்குப் போனால், தன் வீட்டு விருந்தில் சாப்பிடாமல் எழுந்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ஆனால் அவர் துண்டுச்சீட்டு எழுதித் தராமல் லொறி கிடையாது. துண்டில்லாமல் நானாக பஸ் ஏறிப் போய் பதினாலு நாள் தங்கினால் வேலைக்காரர் பேரேடான செக்ரோலில் என் பேரை வெட்டிவிடுவார்கள்.

எட்டாம் மாதம் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், முகர்ந்தும் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? கோயில் பிரசாதமே?"

"ஆஸ்பத்திரி கார்டுங்க."

"ஒரு எழுத்தும் விளங்கேல்லை. முதல் வெட்டினபடியா திரும்பவும் வெட்ட வேணுமெண்டு இல்லை. உள்ளுக்க கர்ப்பப்பையைக் குறுக்க வெட்டியிருந்தா இஞ்சயே பெறலாம். நெடுக்க வெட்டியிருந்தாத்தான் பயம்."

"நெடுக்கத்தாங்க கெடக்கு. எங்க லயமே பாத்திருக்கு. நீங்களும் பாருங்க."

"வெளியில பாத்து உள்ளுக்க சொல்லேலாது. அதைத்தான் கார்டில எழுதியிருப்பினம். கடிதம் போடுறன், மறுமொழி வரட்டும்."

மறுமொழி வரும்வரை பிள்ளை உள்ளேயே பொறுமையாக உட்கார்ந்திருக்குமா என்று கேட்டேன். வாய் கூடிப்போச்சுது என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் அட்டையைப் போட்டேன். "உங்க அம்மனையே வந்து வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அட்டைக்கு அலங்காரம் பண்ணுனீங்க, எனக்குப் பாடை கட்டுங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். அதில் அவர் கெட்டிக்காரர்.

ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பித் தரும் மாமியார் அன்று எழுந்து அடுப்படிக்குப் போய் வந்தார். ஈரத்துணியை எடுத்து அட்டையை மெல்லத் துடைத்தார். குங்குமம் போயிற்று. அடியிலிருந்த மையும் அதனுடனேயே போயிற்று. வெறும் மஞ்சள் அட்டையைப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் கயிறு மூன்று வருஷமாக அந்தத் தழும்பின்மேல்தான் அழுந்திக்கொண்டிருந்தது. உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மடியில் ஒரு பெண்பிள்ளை, வயிற்றில் ஒன்று. நான் சாக விரும்பவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவிடாமல் மாமியார் என் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனார். படியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நான்தாங்க பொட்டு வச்சேன். இவ மேல குத்தமில்ல. எனக்கு ஒரு மக இருந்தா. வலி வந்து மூணு நாளு கத்துனா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மான்னா. நாங்கல்லாம் பெக்கலியாடின்னு நான்தான் சொன்னேன். அவளுக்கு இப்புடி ஒரு காயிதம் யாரும் குடுக்கலீங்க. இவளுக்குக் குடுத்தாங்க. அதான் கும்புட்டேன். கும்புட்டே கெடுத்துப்புட்டேன். நீங்க எழுதிக் குடுக்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மகள் செத்தது எனக்குத் தெரியும். எப்படி என்று அதுவரை அவர் வாயால் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுப்பதிலேயே மூன்று வருஷம் போயிருந்தது. டாக்டரையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துண்டை எழுதினார். அதற்கு இரண்டு நிமிஷம் ஆனது.

வலி வருமுன்பே ஆஸ்பத்திரியில் வெட்டி ஆண்பிள்ளையை எடுத்தார்கள். உள்ளே பழைய தையல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, பிள்ளையின் தலைமயிர் தெரிந்ததாம். கொஞ்ச நேரம் வலி வந்திருந்தாலும் கிழிந்திருக்கும் என்று சொன்னார்கள்.

திரும்பும்போது புது அட்டை கொடுத்தார்கள். லயத்துப் பெண்கள் பழையபடி நூலை விசாரிக்க வந்தார்கள். மாமியார் அட்டையை வாங்கவேயில்லை. கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நின்றார். நானே அதை அம்மன் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மனுக்குப் பொட்டு வைத்தார், பிள்ளைகளுக்கு வைத்தார், எனக்கும் வைத்தார். அட்டைக்கு முன்னால் குங்கும விரலோடு அப்படியே நின்றார். எழுந்து போய் அட்டையைத் திருப்பிப் பிடித்தேன்.

"பின்பக்கம் வைங்க அத்தே. அங்க எழுத்து கெடயாது."