வண்டுக்கு வைத்த ஆவாரம்பூ

ஆவாரஞ்செடியை வீட்டில் விதைத்து வளர்த்தவள் திருத்தணியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மலையைச் சுற்றித் தானாக முளைத்துக் கிடக்கிற செடி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், கல்யாணமாகிப் பள்ளிப்பட்டிலிருந்து வந்த புதிது. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பூசணி போட்டேன். கொடி படர்ந்தது, பூத்தது. பிஞ்சு மட்டும் வெம்பி உதிர்ந்துகொண்டே இருந்தது. "அடுத்த தையிலயும் காய்க்கலன்னா அங்க வைக்கப்போர் போட்டுடுவேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான். விடுவேனா?

நான் பிறந்த ஊரில் ஆவாரம்புதர் ஓரம் படர்ந்த கொடிதான் காய்த்துத் தள்ளும். ஆவாரம்பூவுக்கு வருகிற வண்டும் தேனீயும் பூசணிப் பூவிலும் புகுந்துவிட்டுப் போகும். அதனால் ஆவார விதையைக் கல்லில் தேய்த்து, ஊறப்போட்டு, வேலியோரம் விதைத்தேன். முளைத்த பிறகு தண்ணீர்கூடக் கேட்கவில்லை, மகராசி! மறு தை பிறப்பதற்குள் வேலி முழுக்க மஞ்சள். கருவண்டுகளின் இரைச்சல் அடுப்படிவரை கேட்டது. எனக்கு வாயெல்லாம் பல்.

தெருவே என்னை மெச்சியது. எதற்கு? மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டப் பூ வளர்க்கிறேனாம்! வண்டுக்கு என்று சொன்னால், "நல்லா கீதே கதை" என்று சிரித்தார்கள்.

மாட்டுப் பொங்கல் காலையில் மாமனார் அரிவாளோடு வந்தார். பின்னால் தெருவில் பாதிப் பேர். அதுவரை அவர் எதிரில் நான் நிமிர்ந்து பேசியதில்லை. ஓடிப்போய் வேலியை மறித்து நின்றேன்.

"ஒரு பூ தொடாதீங்க மாமா! இப்பத்தான் பிஞ்சு புடிக்குது. வண்டு வராம பூட்டா எல்லாம் போச்சு."

"மாட்டுக்கு மால போடக் கூடாதுன்றியா?"

"போடுங்க. மலையில கொட்டிக் கெடக்குதுங்களே!"

அவர் குனிந்து பூசணி இலையை விலக்கினார். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பிஞ்சு. தொட்டுப் பார்த்தார், உதிரவில்லை. அரிவாளோடு வெளியே போய்விட்டார்.

வெயில் ஏறியபோது தலைச்சுமையாக மலை ஆவாரம்பூவோடு வந்தார். எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. "இன்னாய்யா, வூட்ல பூத்துக் கொட்டுது, நீ மலையேறிகினு வர்றே?"

"அது எங்க வூட்டுப் பொண்ணு வண்டுக்குன்னு வெச்சது. யாரும் கை வெக்காதீங்க" என்றார் மாமனார்.

மருமகள் என்று சொல்லவில்லை. அன்று வைத்த பொங்கலில் வெல்லத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். வைக்கோல் போருக்கு அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.