காரைக்கால் பாய் விற்காத பிக்கப்

கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சைகோனில் ஒரு கல்யாண பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். என் கிடார் கேட்கவே இல்லை, சனிக்கிழமையும் இப்படியே இருந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள் பேண்டுக்காரர்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பழைய பிக்கப் விற்கும் காரைக்கால் பாயிடம் போனேன். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒல்லியான மனிதர். என் பிக்கப்பில் இருந்த துருவை இரும்பு நாரால் தேய்க்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“சட்டி தேய்க்கிறீங்களா தம்பி? காந்தத்துல இரும்புத் தூள் ஒட்டிக்கிட்டா போச்சு.”

ஒட்டும் டேப்பால் அழுக்கைத் துளித்துளியாக எடுத்தார். ஸ்பீக்கரில் இணைத்து என்னை வாசிக்கச் சொன்னார். பிறகு அவரே கம்பியை இழுத்தார். கடைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

“பிக்கப் நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் கேட்டுடக் கூடாதுன்னு நீங்கதான் வாசிக்கிறீங்க.”

வேறொன்று கொடுங்கள் என்று கெஞ்சியும் விற்கவில்லை. சனிக்கிழமை கம்பியை அழுத்தி இழுத்தேன். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். வந்த வியாபாரத்தைப் பாய் ஏன் விட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

எழுதி முடித்தது: பங்குனி மூன்று.